வெள்ளி ராவு வைத்த முட்டை

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆசியா பீவி காலையில் ஆப்பம் சுட்டு விற்றாள். மீதி நேரத்தில் கோழிக்கு அடை வைத்தாள். ஆப்பம் ஒன்றிரண்டு தீய்ந்து போனதுண்டு. அடை தவறியதில்லை. அவள் கையால் வைத்த முட்டை கூமுட்டையானதாகச் சந்தில் யாருக்கும் ஞாபகமில்லை. ஞாபகம் உள்ள ஒருவர் ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார்.

அவளுடைய அடைக்கோழியின் பெயர் ராங்கி. கறுப்பு நிறம், கழுத்தில் மட்டும் கொஞ்சம் செம்மை. கோழிகளுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அடை வரும். ராங்கிக்கு எப்போதாவதுதான் அடை தெளியும். முட்டை இல்லையென்றால் கிடைத்ததன்மேல் உட்காரும். பீங்கான் கோப்பைமேல் உட்கார்ந்திருக்கிறது. விருந்துக்கு வந்த ஹாஜியார் கழற்றி வைத்த வெள்ளைத் தொப்பிமேல் உட்கார்ந்து, அவரை மூன்று நாள் வெறுந்தலையோடு அலையவிட்டது. ஒருமுறை வெற்றிலை இடிக்கும் உரலின்மேல் பதினெட்டு நாள் உட்கார்ந்தது. தீனி மறந்து, தண்ணீர் மறந்து, சாகிற நிலைக்குப் போன பிறகுதான் ஆசியா பீவி பார்த்துத் தூக்கினாள். உரல் நல்ல சூடாக இருந்தது. இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து அவள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்: இருபத்தோரு நாள் முடிந்தால் முடிந்ததுதான். பொரித்தாலும் பொரிக்காவிட்டாலும் ராங்கியை இறக்கிவிடுவாள்.

ஒரு புதன்கிழமை வேலு வந்தான். கப்பலிலிருந்து அரிசி மூட்டை இறக்கும் தொங்காங் படகில் அவன் தண்டல். அவனுக்குக் கீழே எட்டு ஆட்கள். தலைத்துண்டில் எதையோ மூட்டையாகக் கட்டி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான்.

“அக்கா, துரையோட முட்டை.”

துரை என்பது அவனுடைய சண்டைச் சேவல். சியாமிலிருந்து வந்த ஜாதி. ஒன்பது சண்டையில் ஒன்பதும் ஜெயித்தது. பத்தாவதாக ஆயர் ஈத்தாமில் மாட்டுவண்டி வைத்திருந்த ராமதாஸின் சேவலோடு மோதுவதாகப் பேச்சு முடிந்திருந்தது. அதற்குள் வேறொரு சண்டை குறுக்கே வந்துவிட்டது. துரைக்கு தினமும் காலையில் டிராம் தண்டவாளத்தில் நின்று டிராமை எதிர்க்கிற பழக்கம். டிராம் நிற்கும், மணி அடிக்கும், துரை கழுத்தை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தனக்குத் தோன்றும்போது விலகும். போன வாரம் மழை பெய்து தண்டவாளம் வழுக்கியது. டிராமைக் குற்றம் சொல்ல முடியாது. டிராமால் ஒதுங்க முடியாது. துரையால் முடியும், ஒதுங்கவில்லை. வேலு துரையைப் பழைய பாய்மரத் துணியில் சுற்றிப் புதைத்துவிட்டு, மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பேசிய முதல் பேச்சு ராமதாஸிடம்: “இதோட மகன் வருவான். உன் சேவலைப் பத்திரமா வச்சிரு.”

அந்த மகன் இந்தத் துண்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

“சேவல் போன பிறகும் பத்து நாள் பெட்டைங்க கருமுட்டை இடும்னு நீங்கதானே சொன்னீங்க. பதிமூணு சேர்த்திருக்கேன். எல்லாம் நீள முட்டையாப் பார்த்துப் பொறுக்கினேன்.”

“நீளமா இருந்தா?”

“சேவல் குஞ்சு.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க லா.”

ஆசியா பீவி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்த்து, கரியால் ஒரு கோடு போட்டு அடுக்கினாள். பதிமூன்றும் நல்ல முட்டைகள்தான். ராங்கி அப்போது பீங்கான் கோப்பைமேல் ஐந்தாவது நாள் உட்கார்ந்திருந்தது.

“நாளைக்கு விடியக்காலை நாங்க பட்டர்வொர்த் போறோம். இவரு தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. ஞாயித்துக்கிழமைதான் வருவோம். நீயே வச்சிடு. வெள்ளி ராவு வை. மஃரிபு பாங்கு சொல்லி நல்லா இருட்டின பிறகு. பகல்ல வச்சா ராங்கி முட்டையை எண்ணுவா. எண்ணிக்கை பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிடுவா.”

“சரிக்கா. வெள்ளி ராத்திரி.”

“கூடைக்கு அடியில மணல், மேல வைக்கோல், அதுக்கு மேல கொஞ்சம் புகையிலைக் காம்பு போடு, பேன் வராது. இரும்பு ஒண்ணு, கரி ஒண்ணு, காய்ஞ்ச மிளகாய் ஒண்ணு வை. இடி இடிச்சாலும் முட்டை கெடாது.”

“இரும்பு, கரி, மிளகாய்,” என்று வேலு மூன்று விரலை மடக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆசியா பீவி படகு இறங்கி வந்து பார்த்தபோது ராங்கி கூடையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் கையை நீட்டினாள், கொத்தியது. நல்ல அடை. சுவரில் கரியால் வெள்ளி ராவிலிருந்து மூன்று கோடு இழுத்தாள்.

அதன்பிறகு தினமும் ஒரு வேலை. காலையில் ராங்கியை ஒரு தடவை தூக்கி இறக்குவாள். தவிடும் தண்ணீரும் கொடுப்பாள். ராங்கி அடுப்புச் சாம்பலில் புரண்டு, நாலு வீட்டுக்கு மணக்கிற அளவுக்கு எச்சம் போட்டுவிட்டு, யாரோ துரத்துகிற மாதிரி ஓடிவந்து கூடையில் ஏறும். அது ஏறுவதற்குள் ஒரு ஆப்பம் வெந்துவிடும்; ஆசியா பீவி நேரம் பார்த்தது அப்படித்தான். ராங்கியின் வயிற்றுச் சூட்டைப் பற்றிச் சந்தில் பலவிதமாகச் சொல்வார்கள். கூடைமேல் காயப்போட்ட ஈரத்துண்டு இஸ்திரி போட்ட மாதிரி விறைத்து நிற்கும் என்பது வரைக்கும் உண்மை. அதற்கு மேல் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை.

ஏழாம் நாள் சமையலறைக் கதவைச் சாத்தி, முட்டையைக் கைக்குழிக்குள் வைத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு வெறும் முட்டைகள். உள்ளே வெளிச்சம் தண்ணீராக ஓடியது. அவை மறுநாள் முட்டை ஆப்பமாயின. மீதிப் பதினொன்றில் சிவப்பு நரம்புகள் சிலந்தி மாதிரி காலைப் பரப்பியிருந்தன.

“சிலந்தி கொஞ்சம் சின்னதா இருக்கு,” என்றாள் கணவரிடம்.

அவள் கணவர் சிக்கந்தர் தையல்காரர். வாசலில் மெஷின் போட்டிருந்தார். “அப்பன் செத்த துக்கம்,” என்றார், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினாறாம் நாள் மதியம் இடி இடித்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று அதை வேறு கப்பலின் ஊதல் என்று நினைத்துப் பதில் ஊதியது. ஆசியா பீவி ஓடிப்போய் வைக்கோலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கரி இருந்தது. மிளகாய் இருந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிஸ்கோத்து டின்னின் மூடி இருந்தது.

சாயங்காலம் வேலு வந்ததும் மூடியை நீட்டினாள். “இது என்ன?”

“இரும்புக்கா.”

“இது தகரம்.”

“தகரம் இரும்புக்குத் தம்பிதானே.”

“இடிக்கு அது தெரியுமா?”

வேலுவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. படகுக்குப் போய் ஒரு நங்கூரக் கொக்கியையே தூக்கிக்கொண்டு வந்தான். அதை வைத்தால் கூடை நசுங்கும் என்று அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஒரு ஆணியைச் செருகிவைத்தாள். ஆனால் இடித்த இடி இடித்ததுதான். அன்று முதல் அவள் கோடு இழுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

சுவரில் இருபத்தோரு கோடு ஆனது. வியாழக்கிழமை மஃரிபோடு கணக்கு முடிந்தது. ஒரு ஓட்டிலும் கீறல் விழவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்வரை பொறுத்தாள். ஆப்பத்துக்கு ஆட்கள் வந்து நிற்கிற நேரத்தில் பதினொன்றில் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றே ஒன்று. சத்தமில்லை.

ராங்கியின் கொண்டை வெளுத்திருந்தது. மார்பெலும்பு கத்தி மாதிரி தட்டுப்பட்டது. உரல் விஷயம் மறுபடி வேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள். ராங்கியைத் தண்ணீர்த் தொட்டியில் மூன்று முக்கு முக்கினாள். அதன் சிறகிலிருந்தே ஒரு இறகைப் பிடுங்கி மூக்குத் துளைக்குள் குறுக்கே செருகினாள். வெறும் சிமெண்டுத் தரையில் விட்டுப் பஞ்சாரத்தைக் கவிழ்த்தாள். மற்ற கோழிகளுக்கு அடை தெளிய மூன்று நாள் ஆகும். எதையும் அரைகுறையாகச் செய்யாத ராங்கிக்கு இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. பஞ்சாரத்தைத் தூக்கியபோது இறகைக் கோதிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சேவலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முட்டைகளை ஒரு சட்டியில் போட்டுச் சாக்கடைப் பக்கம் வைத்தாள். ஆப்ப வியாபாரம் முடிந்ததும் கொட்டலாம் என்று நினைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. சட்டியைப் பார்க்காத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மாவு ஊற்றினாள்.

பத்து மணிக்கு வேலு வந்தான். தலைவாரி, நெற்றியில் விபூதி இட்டு, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி இருந்தான்.

“ராத்திரிதானே பொரிக்கும், இப்பவே ஒரு பார்வை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அவள் கரண்டியால் சட்டியைக் காட்டினாள்.

வேலு சட்டியைப் பார்த்தான். ராங்கியைப் பார்த்தான். “இது ஏன் நனைஞ்சிருக்கு?”

“இருபத்தொண்ணு முடிஞ்சு போச்சு தம்பி. இடி வாங்கின முட்டை.”

“இன்னும் முடியலையே. வெள்ளி ராத்திரிதானே வச்சேன்.”

“ஆமா, வெள்ளி ராவுதான் சொன்னேன்.”

“அப்போ இன்னைக்கு ராத்திரியோடதான் இருபத்தொண்ணு.”

“நேத்து ராவோட இருபத்தொண்ணு. வெள்ளிக்கு வெள்ளி எண்ணிப் பாரு.”

“அதைத்தானே நானும் எண்ணுறேன்.”

இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணினார்கள். இரண்டு பேருக்கும் சரியாக வந்தது. மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் சரியாக வந்தது. ஆப்பம் வாங்க வந்தவர்களில் தொழுகைக்குப் போகிறவர்கள் அக்கா சொல்வது சரி என்றார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் தண்டல் சொல்வது சரி என்றார்கள். ஒரு சீனர் மட்டும் ஆப்பம் எங்கே என்று கேட்டார்.

சிக்கந்தர் மெஷினை நிறுத்தி, வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தார். “வேலு, அன்னைக்கு நீ எங்கேருந்து வந்து முட்டை வச்சே?”

“மாரியம்மன் கோயில்லேருந்து. வெள்ளிக்கிழமை பூசை முடிச்சு நேரா இங்க வந்தேன்.”

“பீவி, வெள்ளி ராவு நீ என்ன செய்வே?”

“யாசீன் ஓதுவேன்.”

“மறுநாள்?”

“மறுநாள் ஜும்ஆ தொழுகை.”

“இவனுக்கு ஜும்ஆ முடிஞ்சு பொழுது சாய்ஞ்ச பிறகு வர்றதுதான் வெள்ளி ராத்திரி. உனக்கு வியாழக்கிழமை பொழுது சாய்ஞ்சாலே வெள்ளி ராவு; இவனோட வெள்ளி உனக்குச் சனி ராவு. பத்து வருஷமா தைக்கிறேன். வெள்ளி ராவுக்குச் சட்டை வேணும்னு யாராவது கேட்டா, நான் முதல்ல நெத்தியைப் பார்ப்பேன்.”

ஆசியா பீவி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பில் இருந்த ஆப்பம் கருகியது. சட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளேயிருந்து, நகத்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி, கிச் என்று ஒரு சத்தம் வந்தது. அவள் அதை வேலுவின் காதில் வைத்தாள். வேலு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ராங்கியைப் பிடித்துவந்து மூக்கு இறகை உருவி, முட்டைமேல் வைத்தாள். ராங்கி முட்டைகளை யாரோ முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போயிற்று. மறுபடி வைத்தாள். ஒரு முட்டையை மிதிக்கப் போனது; எடுத்துவிட்டாள். சந்தில் வேறு அடைக்கோழி இல்லை.

“அடுப்பு ஓரத்துல வச்சா?” என்றான் வேலு.

“அவிச்ச முட்டை ஆயிடும்,” என்றார் சிக்கந்தர்.

“வெறும் சூடு பத்தாது. உடம்புச் சூடு வேணும்,” என்றாள் ஆசியா பீவி. “நான் மாவாட்டணும். இவரு ஜும்ஆவுக்குப் போகணும்.” வேலுவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அரிசி மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. வயிறு கொஞ்சம் பெரியது. “சட்டையைக் கழட்டு.”

சிக்கந்தர் யாருக்கோ குளிர்சட்டை தைக்க வைத்திருந்த பிளானல் துணியில் பதினொரு பை வைத்து ஒரு வயிற்றுப்பட்டை தைத்தார். அளவெடுத்ததிலிருந்து பொத்தான் வைத்தது வரை கால்மணி நேரம். அவர் வாழ்நாளில் சொன்ன நேரத்துக்குக் கொடுத்த ஒரே உருப்படி அது. வேலுவை வாசல் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, பையில் பதினொன்றையும் செருகி, மேலே கம்பளி போர்த்தினார்கள்.

“இருமக் கூடாது. சிரிக்கக் கூடாது. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே திருப்பி வைப்பேன்,” என்றாள்.

“படகு?”

“படகுக்கு நாள் இருக்கு. முட்டைக்கு இன்னைக்கு ஒரு நாள்தான்.”

மதியம் தொங்காங் ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். கப்பல் காத்திருக்கிறது, தண்டல் எங்கே என்றார்கள். தொழுகை முடிந்து வந்த சிக்கந்தர், “அடையில இருக்கான்,” என்றார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒருவன் கம்பளியைத் தூக்கக் கையை நீட்டினான். வேலு அவனைக் கொத்தினான் என்று துறைமுகத்தில் இன்னும் சொல்வார்கள். அது மிகை. சீறினான், அவ்வளவுதான்.

ஆசியா பீவி அவனுக்குக் கையால் ஆப்பம் ஊட்டினாள், தண்ணீர் ஊற்றினாள். வாயைத் திறந்து மூடினானே தவிர வயிற்றை அசைக்கவில்லை. சட்டியில் கிடந்த நேரத்தில் முட்டைகள் ஆறியிருந்ததால் வெள்ளி ராத்திரியும் பொரிக்காமலே கடந்து போயிற்று. அது யாருடைய வெள்ளி என்று யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலு, “அக்கா, குத்துது,” என்றான்.

மதியத்துக்குள் பத்துக் குஞ்சு. பதினொன்றாவது கூமுட்டை. வெள்ளிக்கிழமை விடியலில் ஆசியா பீவி காதில் வைத்துப் பார்த்த முட்டை அதுதான். தன் கைக்குச் சரியாக அதுவே அகப்பட்டதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஈரம் காய்ந்ததும் ராங்கியிடம் விட்டுப் பார்த்தாள். ராங்கி முதல் குஞ்சைத் தலையில் கொத்தியது. குஞ்சுகளும் அதைத் தாயென்று நினைத்ததாகத் தெரியவில்லை. கண் திறந்தபோது பார்த்தது வேலுவின் மீசையைத்தான். அவன் எழுந்து நடந்தபோது பத்தும் வரிசையாகப் பின்னால் நடந்தன.

“நீதான் வளர்க்கணும்,” என்று ஆசியா பீவி சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் தீனி வேண்டாம், வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும். இரண்டாம் நாள் ஊறவைத்த நொய், பொடியாக அரிந்த வெங்காயம். தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள். குடிக்கத் தட்டையான தட்டு, இல்லாவிட்டால் விழுந்து சாகும். வேலு எல்லாவற்றையும் செய்தான். மண்ணைக் கிளறக் குஞ்சுகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமே. கால் நகத்தால் கிளறிக் காட்டினான். வேலைக்குப் போகும்போது பத்தும் தொங்காங் பலகையில் ஏறிவந்து, சிந்திய அரிசியைப் பொறுக்கின. பருந்து வட்டமிட்டால் அவன் தொண்டைக்குள் ஒரு மாதிரி உறுமுவான். குஞ்சுகள் அவன் கைலிக்குள் ஓடிவிடும். இரண்டாவது மாதம் அவனுடைய எட்டு ஆட்களும் அந்த உறுமலுக்குக் குனியப் பழகியிருந்தார்கள்.

மூன்று மாதத்தில் விஷயம் தெளிவாகியது. நீள முட்டையாகப் பொறுக்கிய பத்தில் ஒன்பது பெட்டை. ஒன்றுதான் சேவல். ஆனால் அந்த ஒன்று துரைதான்: அதே கழுத்து, அதே நெஞ்சு, அதே பார்வை.

ஏழெட்டு மாதம் கழித்து, செய்தி கேட்டு ராமதாஸ் ஆயர் ஈத்தாமிலிருந்து வந்தார். தன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆசியா பீவி ஆப்பக் கடையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வேலு முற்றத்தில் உட்கார்ந்து கோழிகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னத் துரை அவன் தொடையில் படுத்திருந்தது.

“மகன் வருவான்னு சொன்னியே, நானே வந்துட்டேன்,” என்றார் ராமதாஸ். “எப்ப மோத விடலாம்?”

வேலு சேவலின் கழுத்தைத் தடவினான்.

“என்ன தண்டலே, பயமா?”

“பயமில்லண்ணே.”

“கால்ல கத்தி கட்ட ஆள் இல்லையா?”

“கத்தியா?” வேலு நிமிர்ந்து பார்த்தான். “இதுக்கா?” பிறகு மெதுவாகச் சொன்னான்: “முடியாதுண்ணே. பெத்த வயிறு.”

ராமதாஸ் ஆசியா பீவியைப் பார்த்தார். அவள், ஆமாம், அப்படித்தான் என்று தலையசைத்தாள். சிக்கந்தர் மெஷினுக்குப் பின்னாலிருந்து, “நான்தான் பை தைச்சேன்,” என்றார்.

ராமதாஸ் முற்றத்துப் பக்கம் திரும்பினார். அவருடைய சேவல் கக்கத்திலிருந்து கழுத்தை நீட்டி, முற்றத்தில் மேய்ந்த ஒன்பது பெட்டைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தது. அவருக்கு அது புரிந்தது. திரும்பிப் போக ஒரு மரியாதையான வழியும் தெரிந்தது.

“சரி விடு. சண்டைதான் இல்லை. ஒரு பொண்ணையாவது குடு.”

வேலு அவருடைய சேவலை வாங்கி, நகத்தைப் பார்த்தான், வாயைத் திறந்து பார்த்தான், சிறகைப் பிரித்து அடியில் பார்த்தான்.

“பெட்டைங்களைக் கொத்துமா?”

“கொத்தாது.”

“ராத்திரி எங்க அடையும்?”

“கூரை போட்ட கொட்டாயி. கீரி வராது.”

“ஏற்கெனவே எத்தனை பெட்டை இருக்கு?”

ராமதாஸ் ஆசியா பீவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே உதவி கிடைக்கவில்லை. “நாலு,” என்றார்.

வேலு அதை ரொம்ப நேரம் யோசித்தான். கடைசியில் எழுந்துபோய்ச் சாந்தமான ஒரு பெட்டையைப் பிடித்து, காலைக் கட்டாமல், ஆசியா பீவி கொடுத்த கூடையில் வைக்கோல் போட்டு உட்காரவைத்தான்.

“நொய்யை ஊறவச்சுத்தான் போடணும். வெறும் நெல்லு ஒத்துக்காது.”

“சரி.”

“அடிக்கடி வந்து பார்ப்பேன்.”

“வாங்க சம்பந்தி,” என்றார் ராமதாஸ், கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு.